கோதண்டபாணியின் ஐம்பது மணி நேரம்

மனைவியோடு தனியாக ஐந்து நிமிஷம் பேசியே தீருவது என்று கோதண்டபாணி சபதம் எடுத்தபோது, அவருக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது.

மயிலாப்பூரில் அவர் வீட்டுக் கூடம் அவருடையதல்ல. தினமும் ஆறு மணிக்கு அடுத்த வீட்டு ரத்னா மாமி தலைமையில் பதினோரு பேர் ஸ்லோகம் சொல்ல வந்துவிடுவார்கள். ஸ்லோகம் அரை மணி, வம்பு ஒன்றரை மணி. நடுவில் அவர் மனைவி விசாலாக்ஷி ஜொலிப்பாள். ஆபீஸிலிருந்து வந்த மனுஷர் கொல்லையில் போய் உட்காருவார். வெட்கத்தை விட்டுச் சொன்னால், சில நாள் அழுகையே வரும்.

அவருக்குப் படகு மோட்டார் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை. தொண்ணூற்றெட்டில் புதிதாக ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் வந்து இறங்கியது. மீனவர்களுக்கு விற்பதற்கு முன், தண்ணீர் டிரம்மில் மாட்டி, தினம் பத்து மணி வீதம் ஐம்பது மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். மானேஜரைக் கெஞ்சி அதைத் தன் வீட்டுக் கொல்லைக்கே கொண்டுவந்தார். பழைய டூ ஸ்ட்ரோக் ஓடினால் தெருவே காதைப் பொத்தும்; புகையில் கொசுவுக்கே இருமல் வரும். புதுசில் சத்தம் குறைவு என்று படித்திருந்தார்தான். ஆனாலும் படகு மோட்டார் படகு மோட்டார்தானே? ஒரே நாளில் கூடம் காலி என்று மனப்பால் குடித்தார்.

மோட்டார் ஒரு முறை கனைத்துவிட்டு முணுமுணுக்க ஆரம்பித்தது. அவ்வளவுதான். சாயங்காலம் ரத்னா மாமி எட்டிப் பார்த்தாள்.

"சுருதிப்பெட்டி மாதிரின்னா இருக்கு! விசாலம், இனிமே இங்கயே உக்காந்துக்கலாம்டி!"

கொல்லையும் பறிபோயிற்று. கூட்டம் கலைந்ததும் விசாலாக்ஷி வந்தாள்.

"ஏன்னா, இது எத்தனை நாள் ஓடணும்?"

"அஞ்சு நாள்."

"நடுவுல நின்னா?"

"மறுபடி முதல்லேர்ந்து அஞ்சு நாள். ஆனா இது நடுக்கடல்லயே நிக்காதுடி. பழசு மாதிரி கலந்து ஊத்த வேண்டாம், எண்ணெய் தனி, பெட்ரோல் தனி!"

"நீங்க பக்கத்துலயே இருக்கணுமோ?"

"அரை மணிக்கொரு தரம் சூடு பாத்து எழுதணுமே."

"பெருமாள் கண்ணைத் திறந்தார்! ஆத்தைப் பாத்துக்க ஆளில்லேன்னு தவிச்சிண்டிருந்தோம். நாளைக்கே எல்லாரும் கோயில் பாக்கக் கும்பகோணம் கிளம்பறோம்."

"அப்போ நான்?"

"மோட்டார் இருக்கே துணைக்கு!"

மூன்றாம் நாள். வீட்டில் ஈ காக்கை இல்லை. மோட்டார் ஒரு தரம்கூடத் தடுமாறவில்லை. மத்தியானம் மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, "நீ சாப்பிட்டியா?" என்று அதனிடம் கேட்டார். கேட்ட பிறகு பயந்துபோனார். யாராவது ஒரு வார்த்தை பதில் சொன்னால் போதும் என்றிருந்தது அவருக்கு. எழுந்து ஸ்விட்சை அணைத்தார். கும்பகோணத்தில் அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்கு எஸ்.டி.டி. போட்டார்.

"விசாலம், மோட்டார் நின்னுடுத்து. நீ வந்துடேன்."

"நின்னுடுத்தா, நிறுத்தினேளா?"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தது.

"எப்படியோ போகட்டும். மறுபடி முதல்லேர்ந்து ஓட்டணுமோல்லியோ?"

"அது... ஆமாம்."

"நல்லதாப் போச்சு. ராமேஸ்வரத்தையும் பாத்துட்டே வந்துடறோம்!"