மூன்றே சொட்டில் குடி போகும்

ஊரே அந்தக் கொட்டகைக்குள்தான் இருந்தது. முன்வரிசையில் குடிகாரர்கள், பின்வரிசையில் அவர்களை இழுத்து வந்த மனைவிமார், யாரும் நழுவிவிடாமல் வாசலில் மாமனார்கள். நடுவே பளபளவென்ற தேக்கு நாற்காலியில் சொட்டு ஐயா. 'மூன்றே சொட்டு, முப்பது வருடக் குடி முடிந்தது' என்று தலைக்கு மேல் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். முதல் நாள் மூன்று சொட்டு. குடிப்பேய் பிடிவாதம் பிடித்தால் மூன்று கரண்டி. எல்லோருடைய பேயும் பிடிவாதம் பிடித்தது. மருந்து உள்ளே போனதும் ஒருவன் ஓவென்று அழுதான். இன்னொருவன் மனைவியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டான். கூட்டம் கை தட்டியது. கடையில் குடித்துவிட்டு வந்தாலும் அவன் அதையேதான் செய்வான் என்பது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

கடைசியில் நின்ற மரச்சாமான் பாலிஷ்காரர் குடியை நிறுத்தி அன்றோடு இருபத்து மூன்று நாள். குடித்துவிட்டுப் படியில் உருண்டு, நெற்றியில் தையல் போடப் போன மருத்துவமனையில், கழிப்பறைக் கதவின் பின்னால் 'குடியை விடணுமா?' என்று ஒட்டியிருந்த சீட்டில் ஒரு போன் நம்பர் கண்ணில் பட்டது. இரண்டு முறை கூப்பிட்டு, எடுத்ததும் வைத்துவிட்டார். மூன்றாம் முறை, "வச்சிடாதீங்க. நானும் ரெண்டு தடவ வச்சவன்தான்" என்றது ஒரு குரல். அப்படித்தான் போய்ச் சேர்ந்தார். சலவைக் கடைக்கு மேலே ஓர் அறை, பதினோரு பிளாஸ்டிக் நாற்காலி, சர்க்கரை குறைந்த டீ. அங்கே ஐயாவும் கிடையாது, சொட்டும் கிடையாது. அவரவர் வண்டவாளத்தை அவரவரே சொல்வார்கள். மற்றவர்கள் கேட்பார்கள். "நாளைக்கும் வாங்க" என்பார்கள்.

தையல் வேலை செய்யும் மனைவிக்கு அதுதான் பிடிக்கவில்லை.

"எத்தனை நாள் போகணுமாம்?"

"தினமும்."

"எப்ப வரைக்கும்?"

"அதெல்லாம் சொல்லல."

"முடிவே இல்லாத வைத்தியம் என்னங்க வைத்தியம்? அக்கா வீட்டுக்காரர் ஐயாகிட்டப் போய் ஒரே வாரம், பாட்டிலத் தொடுறதே இல்ல. நீங்க வரலன்னா நான் பிள்ளையக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிடுறேன்."

பாவம், பதினாறு வருடம் ஏமாந்தவள். இருபத்து மூன்று நாளை நம்பு என்றால் எப்படி நம்புவாள்? அவளுக்காகத்தான் வந்து நின்றார்.

அந்த அக்கா வீட்டுக்காரர், அதாவது சகலை, பக்கத்திலேயே பூரித்து நின்றார். "சகலை, காலைல மூணு கரண்டி, மத்தியானம் மூணு, ஷிப்டுக்கு முன்னாடி மூணு. ஒரு வேளை தப்பினா கை நடுங்குது. அவ்வளவு சக்தி!" சகலை பஸ் டிரைவர். அந்த பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கு ஆயுசு கெட்டிதான்.

பாலிஷ்காரரின் முறை வந்தது. கரண்டி உதட்டருகே வந்ததும் மூக்கு விழித்துக்கொண்டது. இருபது வருடம் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மரத்தில் தேய்த்த மூக்கு அது. வாயில் எச்சில் ஊறியது. விழுங்கினால் இருபத்து மூன்று நாளும் பாழ். விழுங்காவிட்டால் வீடு காலி. கைகூப்பி நின்ற மனைவியைப் பார்த்து அவருக்கு அழுகையே வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டார்.

"இதுல என்ன இருக்குங்க?"

"ஊத்துத் தண்ணியும் இலைச்சாறும்" என்றார் ஐயா.

"ஸ்பிரிட்டு?"

"பாத்தீங்களா, பேய் பேசுது!"

"பேயாவே இருந்துட்டுப் போறேன். உங்க நாற்காலிக்கு அரக்குப் பாலிஷ் போட்டிருக்கு. தண்ணி ஊத்தித் துடைச்சா ஒண்ணும் ஆகாது. ஸ்பிரிட்டு பட்டா இளகித் துணியோட வந்துடும். நாற்காலியோட இந்தப் பக்கக் கைப்பிடில தண்ணி, அந்தப் பக்கக் கைப்பிடில உங்க மருந்து. பாத்துடலாமா?"

"நாற்காலியத் தொடாதே!"

"மருந்துல இருக்கறது தண்ணிதானே, நாற்காலிக்கு என்ன பயம்?" என்று வாசலிலிருந்து ஒரு மாமனார் கேட்டார்.

பாலிஷ்காரர் கைக்குட்டையை மனைவியிடம் நீட்டினார். "நான் தேய்ச்சா வித்தைன்னு சொல்லுவாங்க. நீயே தேய்."

அந்த மாமனாரே ஐயாவை எழுப்பிவிட்டு இரண்டையும் ஊற்றினார். தண்ணீர் ஊற்றிய கைப்பிடியை மனைவி துடைத்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது. மருந்து ஊற்றிய கைப்பிடியைத் தேய்த்தாள். பிசுபிசுத்தது. துணியெல்லாம் பழுப்பு, கைப்பிடியில் வெறும் மரம் தெரிந்தது. துணியை மோந்து பார்த்தாள். பதினாறு வருடம் புருஷன் சட்டையைத் துவைத்தவளுக்கு அதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

சகலையிடம் திரும்பினாள். "அத்தான், பஸ் சாவியக் குடுங்க."

அதற்குள் ஐயா பின்வாசல் வழியாகப் பறந்துவிட்டார். துரத்தியவர்கள் பாதிப் பேர்தான். மீதிப் பேர் விட்டுப்போன பாட்டில்களுக்கு அடித்துக்கொண்டார்கள். "பாலிஷையே எடுக்குதுன்னா பேயை விட்டுவைக்குமா?" என்று ஒருவர் நியாயம் பேசினார்.

"அந்த ரூம் எத்தனை மணிக்குத் திறப்பாங்க?" என்று மனைவி கேட்டாள். "அத்தானையும் கூட்டிக்கிட்டுப் போவோம்."

குடித்து மயங்கியவனுக்குப் பொழுது விடிந்தால் தெளிந்துவிடும். குடிக்காமலே மயங்கி ஐயாவின் பாட்டிலைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்களுக்கு எத்தனை பொழுது விடிந்து என்ன பயன்? அவர்களாக யோசித்தால்தான் உண்டு.