ஓலை வாசிப்பில் ஹோகனுக்காக எழுந்து நின்றது

மல்காஜ்கிரி,
வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான ஜோசியா அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் ஏனோக் தாழ்மையோடும் தாங்க முடியாத வருத்தத்தோடும் எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் இங்கே ரத்த அழுத்தம் தவிர எனக்கு வேறு குறை ஒன்றும் இல்லை. அக்காவின் முழங்காலும் பாளையங்கோட்டை வெயிலும் கொஞ்சம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசி முடியுங்கள் என்றாள் என் வீட்டுக்காரி கனகமணி. போனில் பேசினால் அக்கா பிடுங்கிப் பேசுவாள், அப்புறம் நான் எங்கே பேசுவது? ஆகவே கடிதம், அதுவும் ஸ்பீட் போஸ்டில்.

விஷயம் உங்கள் மகன் பிளஸ்ஸனைப் பற்றியது. என் மகள் எவாஞ்சலினை அவனுக்குக் கொடுக்க நான்தான் முதலில் ஆசைப்பட்டேன், மறுக்கவில்லை. ஹைதராபாத்திலேயே வேலை, கெட்ட பழக்கம் இல்லை, சபைப் பாடகர் குழுவில் பாடுகிறான். கோல்ஃபும் பார்ப்பான் என்று தெரிந்ததும் என் மனசு குளிர்ந்துபோனது உண்மை. குஷாய்குடா தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில் தொற்றிக்கொண்ட பைத்தியம் எனக்கு, உங்களுக்குத் தெரியாததா? இன்றைக்கும் திருமுல்கேரி பக்கம் போய் மட்டையைச் சுழற்றிவிட்டு வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

போன சனிக்கிழமை வீட்டுக்கு வந்தான். டிவியில் ஆட்டம். நான் மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். இந்தக் காலத்து ஷெஃப்லர் அடிக்கும்போது ரெண்டு காலும் ஈரத் தரையில் வழுக்குகிற மாதிரி வழுக்குகிறதே, இதற்குப் பெயர் டெக்னிக்காம். நான் அப்படி வழுக்கினால் வீட்டில் எல்லாரும் தைலத்தைத் தேடுகிறார்கள். அந்தக் காலத்தில் அர்னால்ட் பாமர் அடித்து முடிக்கும்போது மட்டை தலைக்கு மேலே ஈ விரட்டுவது போலச் சுற்றும், ஆனால் அவர் முகத்தைப் பார்த்தாலே பந்து பயந்து ஓடும். இப்போது டிஷாம்போ என்று ஒருவர், இரும்பு மட்டை அத்தனையையும் பள்ளிக்கூட யூனிஃபார்ம் மாதிரி ஒரே நீளத்தில் வைத்துக்கொண்டு மூர்க்கமாக அடிக்கிறார். ஜாக் நிக்லாஸ் குழிக்குப் பக்கத்தில் குனிந்து நின்றாரென்றால் மனசு தயாராகும்வரை அசைய மாட்டார், அது ஆட்டம். இன்றைய மெக்கல்ராய் சுழற்றுவது அழகு, பழைய சாம் ஸ்னீடைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று நானே விட்டுக்கொடுத்துத்தான் பேசினேன். எல்லாருக்கும் மேலே அந்தக் காலத்துப் பென் ஹோகன். பேச்சே கிடையாது, பயிற்சி, பயிற்சி, பயிற்சி. பஸ் மோதிச் சாகப் பிழைக்கக் கிடந்து எழுந்து வந்து மறுபடி ஜெயித்த மனுஷன். இதையெல்லாம் நான் நெஞ்சு அடைக்கச் சொன்னால் உங்கள் மகன் என்ன சொன்னான் தெரியுமா அத்தான்? "இருக்கலாம் மாமா." அவ்வளவுதான். இருக்கலாமாம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

மறுநாள் ஞாயிறு, ரெண்டாவது ஓலை. எவாஞ்சலினும் பிளஸ்ஸனும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள் என்று குருவானவர் ஆலயத்தில் அறிவிக்கிறார். நானும் புது வேட்டி கட்டிக்கொண்டு பெருமையாக ஆண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த நேரம் பார்த்து மடியில் இருந்த போன் அதிர்ந்தது. பிளஸ்ஸனின் நம்பர். திரையின் ஒரு பாதியில் நான் திருமுல்கேரியில் அடிக்கிற வீடியோ, மறுபாதியில் மெக்கல்ராய் அடிப்பது. கீழே ஒரு வரி: 'ஹோகன் இன்னைக்கு ஆடினா கட் கூடத் தாண்ட மாட்டார்.' ரெண்டு நாள் ஆட்டம் முடிந்ததும் தேறாதவர்களை வீட்டுக்கு அனுப்புவார்களே, அதுதான் கட். ஹோகனை வீட்டுக்கு அனுப்புகிறானாம் இவன். எனக்குக் கண் இருட்டியது. எழுந்து நின்று, "நடக்காது, நான் உயிரோட இருக்கிற வரைக்கும் இதுக்குச் சம்மதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். சரியாக அந்த நேரத்தில்தான் குருவானவர், இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் யாருக்காவது தெரியுமா என்று கேட்டு நிறுத்தியிருக்கிறார்.

பெண்கள் பக்கத்தில் கனகமணி முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டாள். ஆராதனை முடிந்ததும் என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டார்கள்.

"என்ன தடை அண்ணாச்சி? சொல்லிருங்க, எழுதிக்கிடணும்" என்றார் குருவானவர்.

"ஹோகன், ஐயா."

"அது யாரு? பிள்ளைக்கு முன்னால பேசி வச்ச மாப்பிள்ளையா?"

"இல்ல ஐயா, அமெரிக்காக்காரர். செத்துப்போயிட்டாரு."

"அப்போ பிள்ளை விதவையா அண்ணாச்சி?"

இந்த அவமானம் எனக்குத் தேவையா, நீங்களே சொல்லுங்கள். அப்போதே வாபஸ் வாங்கியிருப்பேன். ஆனால் பிளஸ்ஸன் பாடகர் குழு அங்கியோடு உள்ளே வந்து, தப்பு என்மேலதான் மாமா, மன்னிச்சிருங்க என்றான். சரி மருமகனே, அந்த வரியை மட்டும் வாபஸ் வாங்கு, நானும் வாபஸ் வாங்குகிறேன் என்றேன். "அதை நான் வாபஸ் வாங்க முடியாது மாமா" என்று தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். என்ன திமிர் பாருங்கள்.

தடை இல்லை என்று நான் எழுதிக் கொடுக்காவிட்டால் வருகிற ஞாயிறு மூன்றாவது ஓலை வாசிக்க மாட்டார்கள். மூன்றாவது ஓலை இல்லாவிட்டால் கல்யாணம் இல்லை. பத்திரிகை அடித்தாகிவிட்டது. கனகமணி சோற்றை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுகிறாள். எவாஞ்சலின் அன்றைக்கே, 'எதுக்கு' என்பதற்கு இந்த ஊர்க்காரர்கள் சொல்கிற 'கைக்கு'வைப் போட்டு, "கைக்கு பப்பா இவ்ளோ சீன்? ஒரு மெசேஜுக்காக என் கல்யாணத்த நிறுத்துவீங்களா?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவள் அழுகிற சத்தம் கேட்டது. இருந்தாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? ஆகவே அத்தான், தகப்பன் என்ற முறையில் உங்கள் மகனைக் கூப்பிட்டு, பழைய ஆட்களுக்கு முன்னால் இன்றைய ஆட்கள் ஒன்றும் இல்லை என்று என்னிடம் வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கள். இல்லையென்றால் இந்தச் சம்பந்தம் வேண்டாம்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் வீட்டைக் கர்த்தர் சமாதானத்தால் நிரப்புவாராக, எங்கள் வீட்டில் அது இப்போது இல்லை.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
ஏனோக்

பி.கு.: மேலே உள்ள எதையும் வாசிக்க வேண்டாம், இங்கிருந்து ஆரம்பியுங்கள். கவரை ஒட்டப்போன நேரத்தில் எவாஞ்சலின் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த மெசேஜை அனுப்பியது அவளாம். பாடகர் குழு அங்கிக்குப் பை இல்லை என்று அவன் போனை அவளிடம் கொடுத்து வைத்திருக்கிறான், இவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்து என்னைச் சீண்டியிருக்கிறாள். பாடிக்கொண்டே அவன் எப்படி அனுப்ப முடியும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். கல்யாணப் பெண்ணைப் பார்த்துச் சபையே சிரிக்கும், மாமா திட்டுறத நானே வாங்கிக்கிறேன், நீ சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். இத்தனை நாள் என்னிடம் வசவு வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. இதோ குருவானவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன், எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன். ஞாயிறு ஓலை உண்டு. பெண்டாட்டியாகப் போகிறவளுக்காகச் சபை நடுவே பழி சுமந்து நின்ற ஆம்பிளையை நம் காலத்தில் நான் பார்த்ததில்லை அத்தான், உங்களையும் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இதை அக்காவிடம் வாசித்துக் காட்டினால் உடனே ஒத்துக்கொள்வாள். அதனால் வாசித்துக் காட்ட வேண்டாம்.