சக்களத்திங்களுக்கு வச்ச பொட்டு

பொட்டை எங்க வேணா வைக்கலாம். நெத்தியில வைக்கலாம், பீரோவுல வைக்கலாம், லாரி டயர்ல கூட வைக்கலாம். கண்ணுக்குள்ள மட்டும் வைக்கக் கூடாது. இது கைக்கொழந்தைக்குக் கூட தெரியும். எனக்குத் தெரியல. அந்தக் கதைய எங்க ஊட்ல இன்னிக்கும் வர்றவங்க போறவங்க கிட்ட எல்லாம் சொல்லிகினு கீறாங்க. அவங்க ரெண்டு சேத்து சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்.

என் பேரு ஏழுமலை. படிச்சது எட்டாவது. "பேருக்கு மேல ஒண்ணு படிச்சிருக்கான் என் தம்பி"ன்னு அண்ணன் எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லும். திருமழிசை எஸ்டேட்ல லேத்து பட்டறையில வேலை பாக்கறேன். அண்ணன் பேரு பாபு. கல்யாண போட்டோ எடுக்கும். கல்யாணம் சோத்துக்கு. பறவையும் பூச்சியும் தான் அதுக்கு உசுரு. முகூர்த்தம் இல்லாத நாள்ல செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில போயி குப்புற படுத்துக்கும். மாடு மேய்க்கிறவரு ஒருத்தரு ஒரு வாட்டி பொணம்னு நெனச்சி குச்சியால குத்திப் பாத்தாரு. அப்ப அதுக்கு எங்க ஊடே சிரிச்சுது.

அண்ணன் கிட்ட ஒரு கேமரா, அஞ்சு லென்ஸ். அண்ணி அந்த அஞ்சு பேரையும் சக்களத்திங்கன்னு தான் சொல்லும். கை நீளத்துக்கு, கொழந்த வெயிட்டுக்கு ஒண்ணு, தூரத்துல கீற பறவைய எடுக்க. அவ பெரியவ. எறும்பு மீசைய எண்ணிக் காட்டறவ பூச்சிக்காரி. அப்புறம் கல்யாணத்துக்கு எடுத்துகினு போறது ரெண்டு. அஞ்சாவது சும்மா ஒரு வளையம். உள்ள கண்ணாடியே இல்ல. அவளுக்குக் கண்ணு உழுந்துடுச்சி போல, பாவம் பாத்து அண்ணன் வச்சிருக்குதுன்னு நாங்க நெனச்சுகினு இருந்தோம்.

"அஞ்சு பேரையும் தொடச்சி தொடச்சி வைக்கிறியே, என் மூஞ்ச என்னிக்காச்சும் தொடச்சி வுட்டியா"ன்னு அண்ணி கேக்கும்.

"உன் மூஞ்சில பூஞ்சை புடிக்காதும்மா. இவளுங்களுக்குப் புடிச்சிரும்"ன்னும் அண்ணன்.

அண்ணியோட வாய் அப்படி. எங்க தெருவுக்குத் தண்ணி லாரி வந்தா முதல்ல அண்ணி குரல் வரும், அப்பால தான் லாரி வரும்.

மாசியில காமாலைன்னு படுத்துச்சு அண்ணன். பங்குனி பாக்கல.

பத்தாம் நாள் சடங்குல சொந்தக்காரப் பொம்பளைங்க அண்ணி நெத்தியில இருந்து பொட்டை எடுத்தாங்க. அம்மா தடுக்கல. அப்பா போனப்ப அம்மாவுக்கும் அப்படித் தான் எடுத்தாங்க. பீரோ கண்ணாடி ஓரத்துல மட்டும் அண்ணி ஒட்டி ஒட்டி வச்ச ஸ்டிக்கர் பொட்டுங்க அப்படியே வரிசையா நின்னுச்சு. அத எடுக்க யாருக்கும் கை வரல.

அதுக்கு அப்புறம் அண்ணியோட வாய் நின்னு போச்சு. "சாப்டியா." "கதவ சாத்து." ஒரு நாளைக்கு அவ்ளோ தான் பேச்சு. தண்ணி லாரி வந்தா கொடத்த எடுத்துகினு போயி கடைசியில நிக்கும். யாரு முன்னாடி பூந்தாலும் ஒண்ணும் கேக்காது. பக்கத்து ஊட்டு அக்காவே என்னைக் கூப்ட்டு, "உங்க அண்ணிய ரெண்டு திட்டச் சொல்லுடா, எனக்கு என்னமோ மாதிரி கீது"ன்னு சொல்லிச்சு.

சாயங்காலம் ஆனா அண்ணி பீரோ மேல கீற கேமரா பையை எறக்கும். மேலாப்புல தொடைக்கும். தெறக்காது. திரும்ப ஏத்தும். எனக்கு அதைப் பாக்க முடியல. அந்தப் பை ஊட்ல இருக்கற வரைக்கும் அண்ணி பேசாதுன்னு நானா ஒரு முடிவுக்கு வந்தேன். பையை எப்படி வெளிய தள்றது? அண்ணன் தொழிலை நான் எடுத்துக்கறேன்னு சொல்லி தான்.

ஒரு ஞாயித்துக்கெழமை பையைத் தூக்கிகினு ஏரிக்கு போனேன். பெரியவள மாட்டிகினு நின்னா என் சைக்கிள் ஹேண்டில் பார் மேல ஒரு தட்டான் வந்து உக்காந்துச்சு. கண்ணாடி றெக்கை, பச்சை ஒடம்பு. எடுக்கலாம்னு பாத்தா லென்ஸ் க்ர்ர் க்ர்ர்னு முன்ன பின்ன போகுது, தெளிவே ஆவல. பெரியவளுக்கு கிட்டக்க கீறது தெரியாது. பத்து அடி தள்ளி நின்னா தான் கண்ணு தெரியும். சரின்னு பின்னாடி நடந்தேன். நடந்து நடந்து எருமை பொரண்ட சேத்துல இடுப்பு வரைக்கும் எறங்கினேன். (கேமராவ தலைக்கு மேல தூக்கிகினு நின்னேன், சாமி தூக்குற மாதிரி.) வெளிய வந்து பூச்சிக்காரிய மாட்டறதுக்குள்ள தட்டான் பூடுச்சி. அந்த நேரம் பாத்து எதிர்க்க கம்பத்துல மீன்கொத்தி வந்து உக்காருது. பூச்சிக்காரிய வச்சி எடுத்தேன். ஊட்டுக்கு வந்து பாத்தா வேட்டியில பட்ட சொட்டு நீலம் மாதிரி ஒரு புள்ளி.

அப்ப தான் யோசனை வந்துச்சு. அஞ்சு எதுக்கு? பறவையும் எடுக்கணும், பூச்சியும் எடுக்கணும், ஒரே லென்ஸா இருக்கணும். அப்படி ஒண்ணு கீதுன்னு போன்ல ஒரு ஆளு வீடியோ போட்டிருந்தான். நாலையும் கடையில குடுத்துட்டு அந்த ஒண்ண மாத்திகினு வந்துடலாம். கண்ணு இல்லாத வளையத்த எந்தக் கடைக்காரன் வாங்குவான், அத சும்மா போட்டுடலாம். பையும் போச்சு, தொழிலும் ஆச்சு.

அண்ணி கிட்ட சொன்னேன். வெங்காயம் உரிச்சிகினு இருந்துச்சு. நிமிரவே இல்ல.

"உன் இஷ்டம்"னு சொல்லிச்சு.

அண்ணி வாயில இருந்து அந்த ரெண்டு வார்த்தைய நான் அதுக்கு முன்னாடி கேட்டதே இல்ல. எங்க ஊட்ல யாரு இஷ்டமும் அண்ணி இஷ்டம் தான். ஒழுங்கான மனுஷனா இருந்தா அங்கயே நிறுத்தியிருப்பான்.

நடுவுல ஆயுத பூசை வந்துச்சு. சாவு விழுந்த ஊடு, ஒரு வருசத்துக்குப் பண்டிகை இல்ல. ஆனா வருசா வருசம் அண்ணன் அந்தப் பைக்குப் பூ போட்டு, பொட்டு வச்சி, பொரி வச்சிக் கும்பிடும். கடைக்குப் போகப் போற நேரத்துல அவளுங்கள மூளியா அனுப்பறதா? பொண்ண வெளிய அனுப்பறப்ப பொட்டு வச்சி தான அனுப்புவோம்? பண்டிகை ஊட்டுக்குத் தான் இல்ல, பட்டறைக்கு கீதே. அம்மாவுக்குத் தெரியாம பையைத் தூக்கிகினு பட்டறைக்கு போயிட்டேன்.

லேத்து, ட்ரில்லிங் மெஷின், வெல்டிங் டப்பா, எல்லாத்துக்கும் என் கூட்டாளி டில்லி சந்தனம் கரைச்சி வச்சிகினு வந்தான். கடைசியில நாலு லென்ஸையும் நிக்க வச்சேன். ஒவ்வொண்ணு தலையிலயும் கறுப்பு மூடி.

"மூடி மேலயே வச்சிடு மாமே"ன்னான் டில்லி.

"தொப்பி மேல எவனாச்சும் பொட்டு வைப்பானா? மூஞ்சில தான வைக்கணும்."

டில்லி யோசிச்சான். "கரெக்ட் தான்"னான். (அவன் ஒம்பதாவது வரைக்கும் படிச்சவன். அதான் நம்பினேன்.)

மூடியக் கழட்டினேன். கண்ணாடிக்கு நட்ட நடுவுல சந்தனம், அது மேல குங்குமம். நாலு பேருக்கும் வச்சேன். வளையத்துல வைக்க எடமே இல்ல, நடுவுல ஓட்டை தான கீது, அதனால அதுக்கு மட்டும் இல்ல. நெஜமா சொல்றேன், அந்த நாலும் சூப்பரா இருந்துச்சுங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பொட்டு ஈரத்தோட மூடியத் திரும்ப மாட்டி உள்ள வச்சிட்டேன்.

நாலஞ்சு நாள் கழிச்சி வேலைக்கு அரை நாள் லீவு போட்டுட்டு பஸ் ஏறினேன். வானகரம் ஜாம்ல பஸ் நிக்கறப்ப பையை மடியில வச்சிகினு, "நல்ல எடத்துக்குத் தான் போறீங்க"ன்னு மனசுக்குள்ள சொல்லிகினேன்.

டவுன்ல பழைய கேமரா வாங்கி விக்கிற கடை. கடைக்காரருக்கு அம்பது வயசு இருக்கும், சாந்தமான ஆளு. பெரியவள ரெண்டு கையால வாங்கி, "நல்லா வச்சிருக்கீங்க தம்பி"ன்னாரு. மூடியத் தெறந்தாரு.

மூக்குக் கண்ணாடியக் கழட்டித் தொடச்சி மாட்டிகினு மறுபடி பாத்தாரு.

"தம்பி, இது இன்னா?"

"பொட்டுங்க."

"பொட்டு தான். அது தெரியுது." அடுத்தத தெறந்தாரு. பொட்டு. அடுத்தது. பொட்டு. பக்கத்துல பேட்டரி வாங்க வந்த ஒரு ஆளு எட்டிப் பாத்துட்டு, "இன்னா நைனா, எல்லாம் சுமங்கலியா கீது"ன்னான். கடையே சிரிச்சுது. நானும் சேந்து சிரிச்சேன். எதுக்கு சிரிக்கிறாங்கன்னு அப்ப எனக்குத் தெரியாது.

"சாமிக்கு வச்சது சார், இதோ தொடச்சிடறேன்"னு சொல்லி என் பாக்கெட்ல இருந்து கர்சீப் எடுத்து பெரியவ மூஞ்சில எச்சி தொட்டு நல்லா தேய்ச்சேன். அந்த கர்சீப் லேத்துல என் கூடவே நிக்கிறது. அதுல கீறது பூரா இரும்புத் தூள். கர்ர்ர்னு ஒரு சத்தம் வந்துச்சு. கடைக்காரரு பாய்ஞ்சி வந்து என் கையப் புடிச்சாரு.

"கர்சீப்பா தம்பி அது, உப்புத்தாளா?"

கண்ணாடி நடுவுல வட்டமா கோடு உழுந்துடுச்சி. அவரு என்னைத் திட்டல. கேமராவுல மாட்டி, ரோட்டுக்கு எதிர்ல கீற போர்டை ஒரு படம் எடுத்துக் காட்டினாரு. கோடு தெரியவே இல்ல.

"கண்ணாடி மேல கீற கோடு படத்துல உழாது. வெயிலு நேரா எதிர்ல வந்தா மட்டும் வெள்ளையா பூக்கும். நீ வச்சி எடுக்கலாம். நான் வித்தா வாங்கறவன் அடிப்பான்"னாரு. மத்த மூணையும் அவரு தொடக்கூட இல்ல. "காஞ்சி கெட்டியா கீது, பொறுமையா எடுக்கணும். உங்க ஊட்லயே எடுத்துக்க."

போறப்ப பைக்குள்ள பாத்து, "இது யாரு வாங்கினது?"ன்னு வளையத்த எடுத்தாரு.

"கண்ணாடி உழுந்து போச்சு சார் அதுல."

"கண்ணாடியே கெடையாது இதுல. காலியா இருக்கறது தான் இதோட வேலை. பெரிய லென்ஸுக்குப் பின்னாடி இத மாட்டினா கிட்டக்க கீறதும் அதுக்குத் தெரியும். தட்டான் எல்லாம் இதுல தான் எடுப்பாங்க."

அதுவரைக்கும் அண்ணன் அந்த வளையத்த ஏன் வச்சிருந்துச்சுன்னு நான் ஒரு வாட்டி கூட கேட்டதில்ல. பஸ்ல வர்றப்ப ஜன்னல் பக்கமா திரும்பி உக்காந்துகினேன்.

ஊட்டுக்கு வந்து பொய் சொல்ல தெம்பில்ல. பாய் மேல நாலையும் வச்சி மூடியக் கழட்டிட்டு, நடந்தத சொன்னேன். அம்மா வாசப்படியில உக்காந்துகினு இருந்துச்சு. அண்ணி ஒவ்வொண்ணா பாத்துச்சு. பெரியவ மேல கீற கோட்ட வெரலால தடவிச்சு. அப்பால வாயத் தெறந்துச்சு.

"டேய் பேமானி. எட்டாவது படிச்ச எருமை. கண்ணுல எவன்டா பொட்டு வைப்பான்? உங்க அண்ணன் நகம் கூட படாம தொடைக்கும்டா இவளுங்கள. உனக்கு கர்சீப் கேக்குதா? அந்த டில்லி கஸ்மாலம் கிட்ட கேட்டியா, என்கிட்ட கேட்டியாடா?"

பக்கத்து ஊட்டு அக்கா வெளிய ஓடி வந்துச்சு. தெருவுல ரெண்டு மூணு கதவு தெறந்துச்சு. நான் தலைய குனிஞ்சிகினு வாங்கிகினு இருந்தேன். மழையில நிக்கிற மாதிரி இருந்துச்சு. நிறுத்திடக் கூடாதேன்னு நடுவுல, "எலுமிச்சம்பழம் கூட வச்சேன் அண்ணி"ன்னு எடுத்துக் குடுத்தேன்.

அப்ப அண்ணிக்குக் குரல் எறங்கிச்சு.

"புருஷன் பூட்டான்னு என் பொட்டை எடுத்தீங்க. சரின்னு குடுத்தேன். அதே ஆளு போனதுக்கு அப்புறமும் இவளுங்க நாலு பேருக்கும் பொட்டு இட்டு, தெருவுல கூட்டிகினு சுத்திட்டு வந்துகீற. நான் மட்டும் இன்னாடா பாவம் பண்ணேன்?"

பக்கத்து ஊட்டு அக்கா மெல்ல உள்ள போச்சு. அம்மா எங்கயோ பாத்துச்சு.

அண்ணி எந்திரிச்சி பையோட பக்கவாட்டு ஜிப்பத் தெறந்துச்சு. உள்ள அண்ணன் வச்ச பஞ்சுத் துணி இருந்துச்சு. கண்ணாடி மேல ஹான்னு ஊதி, நடுவுல இருந்து வெளிய வட்டமா, அண்ணன் பண்ற மாதிரியே, மிச்ச மூணு பேரு பொட்டையும் ஒவ்வொண்ணா எடுத்துச்சு. எடுக்கறப்ப அழுதுச்சு. திட்டிகினே அழுதுச்சு.

மறுநாள் காலையில நான் வேலைக்குக் கெளம்ப பீரோ கண்ணாடியில தலை சீவினேன். ஓரத்துல ஸ்டிக்கர் பொட்டு வரிசையில நடுவுல ஒரு எடம் காலியா இருந்துச்சு. திரும்பிப் பாத்தா அண்ணி அடுப்புக்கிட்ட நிக்குது. நெத்தியில சின்னதா, மெரூன் கலர்ல. அம்மாவும் பாத்துச்சு.

"இன்னா நின்னுகினு கீற. காபி ஆறுது, எடுத்துக் குடு அவனுக்கு"ன்னு அண்ணிகிட்ட சொல்லிச்சு அம்மா. அவ்ளோ தான்.

லென்ஸ் எதையும் மாத்தல. பூச்சிக்காரிய அண்ணி எடுத்துகிச்சு. வாசல்ல கோலமாவு தின்ன வர்ற எறும்பு ஒண்ண வுடாம எடுக்குது. கல்யாணக்காரிங்க ரெண்டு பேரும் கல்யாணத்துக்குப் போறாங்க, என் கூட. பெரியவளும் வளையமும் ஏரிக்கு.

சொந்தக்காரங்க யாராச்சும் அண்ணி நெத்தியப் பாத்து மூஞ்ச சுளிச்சா, அண்ணி நிதானமா சொல்லும்: "என் சக்களத்திங்களே வச்சிட்டாளுங்க. நான் மூத்தவ, வைக்கக் கூடாதா?" அப்புறம் மொத்தக் கதையையும் என்னைப் பக்கத்துல உக்கார வச்சிகினு சொல்லும். தண்ணி லாரிக்கு முன்னாடி அதே குரல் வருது. நான் புதுசா ஹெல்மெட் வாங்கினாலும் சரி, போன் வாங்கினாலும் சரி, அம்மா கூட கேக்குது, "பொட்டு எங்கடா வைக்கப் போற?"ன்னு.

ஏரியில சாயங்கால வெயிலு எதிர்ல வந்தா பெரியவ எடுக்கற படத்துக்கு நடுவுல மங்கலா ஒரு வட்டம் பூக்குது. அந்தப் படத்தையெல்லாம் அழிச்சிடலாம்னு ஒரு நாள் சொன்னேன்.

அண்ணி கேமராவ என் கையில இருந்து புடுங்கிகிச்சு.

"இருக்கட்டும் வுடு. நாலு பேருல அவ மட்டும் தான் இன்னிக்கும் பொட்டு வச்சிகினு கீறா."