சிங்கப்பூர் மணியும் உண்ணாமலையின் தூக்கமும்

செஞ்சி கடைத்தெரு,
16-5-1964

சிங்கப்பூரில் வாழும் மகா ராஜ ராஜ ஸ்ரீ மாப்பிள்ளை பாலசுப்பிரமணியன் அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் சிங்காரவேலு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், என் சம்சாரம் தனகோட்டி, தங்கள் குழந்தைகள் பாண்டுரங்கன், உண்ணாமலை ஆகிய நால்வரும் க்ஷேமம். அவ்விடம் தாங்கள், தங்கச்சி ஜெயம், தங்களுடைய ஒடிந்த வலது கால் ஆகிய மூவரின் க்ஷேமத்தையும் அறிய ஆவல். க்ஷேமம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதிவிட்டேன். இனி நடந்ததை எழுதுகிறேன்.

ஏழு மாதத்துக்கு முன்னால் தங்கள் கால் ஒடிந்து ஜெயம் அவசரமாக விமானம் ஏறியபோது, குழந்தைகள் இருவருக்கும் அம்மை வார்த்திருந்ததால் எங்களிடம் விட்டுப் போனாள் அல்லவா, அன்று முதல் அவர்களை என்னால் முடிந்தமட்டில் பார்த்துக்கொண்டு வருகிறேன். வருகிற 28ஆம் தேதி, அங்கே வருகிற அனந்தபுரம் வேதநாயகி அம்மாள் துணையோடு அவர்களை மெட்ராஸில் விமானம் ஏற்றப் போகிறேன். அதிலும் குழப்பம் இல்லை. குழப்பமெல்லாம் தாங்கள் டைப் அடித்து அனுப்பிய நாலு பக்க அட்டவணையில்தான் ஆரம்பம். விமானத்தில் வரும் சிறு குழந்தைகளுக்கு உண்ணும் வேளை, உறங்கும் வேளை, வெளிக்குப் போகும் வேளை எதுவும் பிசகக் கூடாது, பிசகினால் அழும், காய்ச்சல் வரும் என்று அங்கே உள்ள லேடி டாக்டர் சொன்னதாக எழுதி, 'பிசகக் கூடாது' என்பதற்குக் கீழே சிவப்பு மையில் மூன்று கோடு வேறு போட்டிருந்தீர்கள். நானும் பயந்து அட்டவணையை என் மளிகைக் கடையில் அரிசி மூட்டைக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டேன். மத்தியானம் ஒரு மணி தூக்கம், நாலரை பால், ஆறரை சோறு, எட்டு மணி படுக்கை. எல்லாம் சரிதான். ஆனால் மாப்பிள்ளை, எந்த ஊர் மணி என்று எழுதவே இல்லையே!

சிங்கப்பூர் மணி வேறு, செஞ்சி மணி வேறு என்று எனக்குச் சொன்னவர் பூகோள வாத்தியார் தாண்டவராயன். அங்கே இரண்டு மணி நேரம் முன்னால் போகிறதாம். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கேட்டால், அங்கேயிருந்து வரும் கடுதாசியே ஒரு வாரம் பிந்தித்தான் வருகிறது, மணி மட்டும் எப்படி முந்தும் என்று என்னையே மடக்குகிறார்கள். நான் வாத்தியார் பக்கம் நின்றேன். நின்றதும் வேறு சந்தேகம் வந்தது. விமானம் மத்தியானம் கிளம்புகிறது. நாலரைக்கு வானத்தில் பால் கொடுக்க வேண்டும். ஆனால் நம்ம நாலரை என்பது உங்கள் ஆறரை. ஆறரைக்குச் சோறு. அப்படியென்றால் வேதநாயகி அம்மாள் ஒரு கையால் பாலும் ஒரு கையால் சோறும் ஒரே நேரத்தில் ஊட்டுவதா? பாலுக்கும் சோத்துக்கும் நடுவுல இருந்த அந்த ரெண்டு மணி நேரம் எங்கே போச்சு? கடல்ல விழுந்துடுச்சா? வாத்தியாரை மறுபடி கேட்டேன். ஒரு சாத்துக்குடியை வாங்கிச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். எனக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம். சாத்துக்குடியை உண்ணாமலை தின்றுவிட்டாள். அது அட்டவணையில் இல்லை, மன்னிக்கவும்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இங்கேயே இப்போதே குழந்தைகளைச் சிங்கப்பூர் மணிக்குப் பழக்கிவிட்டால் வானத்தில் எதுவும் பிசகாது அல்லவா? போன திங்கட்கிழமை ஸ்டூல் போட்டு ஏறி, கடைச் சுவர்க் கடியாரத்தை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டேன். கடைத்தெருவில் பாதிப்பேர் என் கடைக் கடியாரத்தைப் பார்த்துத்தான் பிழைக்கிறார்கள் என்பது அந்த நேரம் ஞாபகத்துக்கு வரவில்லை. எதிர்க்கடை தையல்காரர் கன்னியப்பன் பதினொன்றுக்கே கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய், உலை வைக்காத வீட்டில் பெண்டாட்டியோடு சண்டை போட்டிருக்கிறார். மறுநாள் பனமலைக் கோயிலில் அவர் சொந்தத்தில் கல்யாணம். என் கடியாரத்தைப் பார்த்து அலறியடித்து ஓடியவர், மாப்பிள்ளை வீடும் வராமல் பெண் வீடும் வராமல் ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தாராம். திரும்பி வந்து, "இன்னா மொதலாளி, கடியாரத்துக்குப் பைத்தியம் புடிச்சுதா, உனக்கா?" என்று நடுத்தெருவில் நின்று கேட்டார். பால்காரி ஆண்டாளிடம் நாலரைப் பாலை ரெண்டரைக்குக் கொண்டு வரச் சொன்னால், "மாடு மலையடிவாரத்துல மேஞ்சினு இருக்குது. ரெண்டரைக்கு வான்னா வருமா? அது இன்னா பிளேனா ஏறப்போவுது?" என்கிறாள். சாயங்காலம் ஆறு மணிக்குச் சூரியன் ராஜகிரி மலை மேல் உட்கார்ந்திருக்கும்போதே, மணி எட்டு ஆச்சு, படுங்கடா என்று பாய் விரித்தேன். "மாமா, வெளிச்சமா இருக்குதே, இது எந்த ஊரு ராத்திரி?" என்று பாண்டுரங்கன் கேட்டான். உங்க நைனா ஊரு ராத்திரி என்றேன். பாவம், உடனே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

பாண்டுரங்கனால் இன்னொரு சிக்கல். எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் தகப்பனார் தெரிந்துகொள்ள வேண்டும். அவன் கொல்லையில் மலையைப் பார்த்து உட்கார்ந்து, கோட்டைச் சுவரில் ஓடும் குரங்குகளை எண்ணினால்தான் வெளிக்குப் போவான். ஏழுக்குக் குறைந்தால் எழுந்து வந்துவிடுவான். விமானத்தில் அந்த அறைக்கு ஜன்னல் உண்டா, உண்டென்றால் அதில் ஏதாவது தெரியுமா என்று கம்பெனியில் விசாரித்து எழுதவும். இல்லையென்றால் நான் காகிதத்தில் ஏழு குரங்கு வரைந்து கொடுத்தனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வேதநாயகி அம்மாளை வரவழைத்து ஒத்திகை பார்த்தோம். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, துண்டால் மூன்று பேரையும் இடுப்பில் கட்டி, தனகோட்டி தட்டில் பெப்பர்மிண்ட் வைத்து நீட்ட, நான் பின்னால் நின்று ரைஸ்மில் மாதிரி சத்தம் போட்டேன். குழந்தைகள் சிரித்து உருண்டன. வேதநாயகி அம்மாள் மட்டும் முகம் வெளுத்து, "எறக்கி வுடுங்க, எனக்கு மயக்கமா வருது" என்று வாந்தி எடுத்துவிட்டார். தரையில் இருக்கும் நாற்காலிக்கே இப்படி. போகும்போது சிங்கப்பூருக்கு பஸ் கிடையாதா என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

இதெல்லாம் எப்படியோ போகட்டும் மாப்பிள்ளை. நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. தங்கள் நாலு பக்கத்திலும் இல்லாத ஒன்று இருக்கிறது. உண்ணாமலை என் இடது காது மடலைப் பிடித்துத் திருகினால்தான் தூங்குவாள். அம்மை வார்த்துக் கிடந்தபோது அம்மா அம்மா என்று அழுதவளைத் தோளில் போட்டு நடந்தேன், அன்றைக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை. மத்தியானத்தில் கடைக்குள்ளேயே மூட்டைகளுக்கு நடுவில் அவளுக்குப் பாய். நான் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துவிட்டு ஒற்றைக் கையால் மிளகு நிறுப்பேன். வருகிறவர்களும் தலையைச் சாய்த்தே பேசுகிறார்கள். எனக்கோ பாஸ்போர்ட் இல்லை, கூட வர வழியில்லை. அதனால் வேறு காதுக்குப் பழக்கலாம் என்று பார்த்தேன். வேதநாயகி அம்மாள் காதைக் கொடுத்தார், கம்மலோடு மாட்டலையும் சேர்த்து இழுத்தாள், அம்மாள் போட்ட கூச்சலில் பஸ்ஸே நின்றது. சைக்கிள் டியூபை வெட்டிக் கொடுத்தேன், நாறுது என்று வீசிவிட்டாள். அப்பள மாவைக் காது மாதிரி உருட்டிக் கொடுத்தேன், தின்றுவிட்டாள். தனகோட்டி சொல்கிறாள், "இன்னாங்க, வேற காது வேணும்னு நெஜமாவே தேடுறீங்களா? வேற காது கெடைக்கக் கூடாதுன்னு தேடுறாப்புல இருக்குது." அவளுக்கு வாய் அதிகம், தங்களுக்குத் தெரியும்.

எனக்கு வேற ஒண்ணும் பயமில்ல மாப்பிள்ளை. அத்தன உசரத்துல, தெரியாத ஜனங்களுக்கு நடுவுல, தூக்கம் வந்து கண்ணைக் கசக்கிக்கிட்டு அந்தப் புள்ள கையை நீட்டும். அங்க என் காது இருக்காது. அத நெனச்சா எனக்குச் சோறு இறங்கல. ஆகையால் குழந்தைகளின் நன்மையை உத்தேசித்து, இந்தப் பழக்கம் மாறும்வரை பயணத்தை ஒரு மாதமாவது ஒத்திப் போடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் கால் சீக்கிரம் கூடி நன்றாக நடக்க ரங்கநாதர் அருள் புரிவாராக. ஜெயத்துக்கு என் ஆசீர்வாதம். தனகோட்டி தங்கள் இருவரையும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
சிங்காரவேலு

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தபால்காரர் தங்கள் கடிதத்தைக் கொடுத்தார். படித்தேன். குழந்தைகள் புது ஊர் மணியில் தடுமாறக் கூடாது என்று தங்கள் வீட்டுக் கடியாரத்தை எல்லாம் செஞ்சி மணிக்கு வைத்துவிட்டதாகவும், தாங்கள் ஊன்றுகோலோடு அந்த மணிப்படி விடியற்காலையிலேயே எழுந்து ஆபீஸ் கிளம்பிப் பழகுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒடிந்த காலோடு ஏன் மாப்பிள்ளை? உடனே ஸ்டூல் போட்டு என் கடியாரத்தை இரண்டு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டேன். கன்னியப்பன் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்று அவர் இரண்டாம் முறையாகச் சாப்பிடப் போயிருக்கிறார்.

இன்னொன்று. செஞ்சி மணி ஒன்றுக்கு உண்ணாமலைக்குத் தூக்கம் வந்தது. நான் காதைக் கொடுக்கப் போவதற்குள், பக்கத்தில் படுத்திருந்த அண்ணன் காதைப் பிடித்துக்கொண்டாள். என் காதையும் நீட்டிப் பார்த்தேன். "வேணாம் மாமா, நீ போயி மொளகு போடு" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போனாள். பாண்டுரங்கன்தான் கூடவே வருகிறானே, அவன் காதும் கூடவே வரும். ஆகவே 28ஆம் தேதியே அனுப்புகிறேன், குழந்தைகள் விஷயத்தில் கவலை வேண்டாம். ஒரு மாதம் கேட்டது அவர்களுக்காக இல்லை போலிருக்கிறது. கடையில் ஆள் இல்லை, இரண்டு கையும் சும்மா இருக்கிறது, தலை மட்டும் இன்னும் இடது பக்கமே சாய்ந்திருக்கிறது.