எஸ்க்ரோவில் வைத்த சொதி

வாழ்க்கையில் ஒரு தடவையாவது என் மனைவியைச் சட்டப்படி வெல்வது என்று முடிவெடுத்தேன். சண்டை போட்டு வெல்ல முடியாது. அதை முயன்று பார்த்தாயிற்று.

சிவமணியின் இருதய வால்வு பழுது. ஒபரேஷன் செய்யாவிட்டால் தாங்காது என்றார் டொக்டர். செய்தாலும் உறுதி சொல்ல முடியாது என்று என்னிடம் மெதுவாகச் சொன்னதும் அவள் காதில் விழுந்துவிட்டது.

"ஒபரேஷனுக்கு நான் போறன். அதுக்கு முதல் நீங்கள் ஒரு தேங்காய்ப்பால் சொதி வைக்கப் பழகுங்கோ."

"நீர் சுகமாகி வாரும். நான் விருந்தே வைக்கிறன்."

"நீங்கள் முதல்."

"நீர் முதல்."

"தண்ணி கொதிச்சிட்டுதோ எண்டு விரலை விட்டுப் பாத்த மனுசன். உங்களை இப்பிடி விட்டிட்டு நான் எப்பிடிப் போறது?"

அவள் ஆஸ்பத்திரியைச் சொல்லவில்லை என்று விளங்கியது. விளங்காதவன் போல இருந்தேன்.

ஆயுள் முழுக்க வங்கியில் இருந்தவனுக்கு இதற்கு வழி தெரியும். எஸ்க்ரோ.

"அது என்ன வருத்தம்? வால்வு போதாதெண்டு அதுவுமோ?" என்றாள்.

"வருத்தமில்லை. வீடு விக்கிறவர் காசு வந்தால்தான் உறுதிப் பத்திரம் தருவன் எண்டுவார். வாங்கிறவர் உறுதி வந்தால்தான் காசு எண்டுவார். அப்ப ரெண்டு பேரும் நம்புற மூண்டாம் ஆளிட்டை உறுதியைக் குடுக்கிறது. சொன்ன நிபந்தனை நிறைவேறினால் மட்டும் அவர் கையளிப்பார். இடையிலை ஒருத்தரும் திருப்பிக் கேக்கேலாது."

"நிறைவேறினதோ எண்டு ஆர் பாக்கிறது?"

"மூண்டாம் ஆள்தான்."

"அப்ப பைறோஸா டீச்சர்," என்றாள் உடனே.

டீச்சர் எங்கள் எதிர்க் கதவு. சிவமணியின் கிளினிக் அட்டை அவருடைய அலுமாரிக்குப் போனது. அது இல்லாமல் வார்டில் எடுக்கமாட்டார்கள். நான் வைத்த சொதியை டீச்சர் ருசி பார்த்துச் சரி என்றால் அட்டை வெளியே வரும். அவளும் போவாள்.

வெள்ளிக்கிழமை அவள் ஓட்டோவில் கோயிலுக்குப் போனாள். நான் காலி வீதியில் உள்ள சைவச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். ஒரு டப்பா சொதி. வீட்டுச் சட்டியில் ஊற்றினேன். வெங்காயத் தோலைக் குப்பைக்கு மேலே, கண்ணில் படும்படி வைத்தேன். டப்பாவைக் கீழே கொண்டுபோய் எறிந்தேன். மூடியை மட்டும் காணவில்லை. கட்டிலுக்கு அடியிலும் தேடினேன்.

பின்னேரம் டீச்சர் ஒரு கரண்டி குடித்தார். சிவமணியைப் பார்த்தார். சிவமணி தலையாட்டினாள்.

"நல்லா ஈக்கு," என்று அட்டையைத் தந்தார்.

வென்றுவிட்டேன்.

வார்டு வாசலில் சிவமணி என் கையைப் பிடித்தாள். "சட்டியை இறக்கினாப் பிறகு தேசிக்காய்ப் புளியை விடுங்கோ. அடுப்பிலை விட்டால் பால் திரைஞ்சுபோம்."

"ஓம், தெரியும்," என்றேன்.

அவள் திரும்பி வரவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சொந்தக்காரர் போன பிறகு டீச்சர் கதவைத் தட்டினார்.

"சேர், மணி என்ட கைல இன்னொண்டு தந்துட்டுப் போன. சீலைத் துண்டுல முடிஞ்சு ஈக்கு. நீங்க சொதி ஆக்கி நான் சாப்பிட்டுச் சரி எண்டாத்தான் தரோணுமாம்."

"அந்த நிபந்தனை அண்டைக்கே முடிஞ்சுதே, டீச்சர்."

"அது முந்தின எஸ்க்ரோ. இது வேற."

"நான் அவவின்ரை புருசன். தாங்கோ."

"இடையில ஒருத்தருக்கும் கேக்க ஏலாதாமே. நீங்கதானாம் சொன்ன."

முதல் சொதி திரைந்தது. அடுத்ததில் உப்பு இல்லை. அதற்கடுத்தது கருகிச் சட்டியோடு போனது. டீச்சர் ஒவ்வொரு முறையும் வந்தார், விழுங்கினார், இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். தேங்காய்க்காரன் எனக்கு வணக்கம் சொல்லத் தொடங்கினான்.

ஒருநாள் சட்டியை இறக்கி, ஆறவிட்டு, தேசிக்காயைப் பிழிந்தேன். பால் பாலாகவே இருந்தது.

டீச்சர் குடித்தார். நேரமெடுத்தார். "பச்சமிளகா கூடிட்டு," என்று முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் வீட்டு அலுமாரிக்குப் போனார்.

தாலிக்கொடியாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் கொண்டுவந்த முடிச்சை அவிழ்த்தேன்.

வட்டமான பிளாஸ்டிக் மூடி. மேலே காலி வீதிக் கடையின் பெயர். கழுவித் துடைத்து வைத்திருந்தாள்.