காப்புக் கட்டிய கையோடு ஒரு பிரியாணி

'எனக்குப் பொறாமையே கிடையாது' என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். எப்படித்தான் முடிகிறதோ! எனக்கெல்லாம் வயிற்றெரிச்சல் வருஷம் முழுக்க உண்டு. டாக்டர் அதை கேஸ் என்று நினைத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது கேஸ் இல்லை. அதன் பெயர் பிரியா.

பிரியா என் ஓரகத்தி. கொழுந்தன் பெண்டாட்டி. சங்கரன்கோவிலில் ஒரே வீட்டில் மாடியில் அவள், கீழே நான். கல்யாணமாகி வந்த புதிதில் ரசம் வைக்கக்கூட என்னிடம்தான் கேட்டாள். (அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசுக்கு இதமாக இருக்கிறது.) பிறகு எவனோ ஒரு நல்ல போனைக் கண்டுபிடித்தான், என் கொழுந்தன் அதை வாங்கிக் கொடுத்துத் தொலைத்தான். அவள் டவுன் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, "நம்ம ஊரு, நம்ம கடை, நம்ம சனம்" என்று வீடியோ போட ஆரம்பித்தாள். ஒரு நாள் பூ மார்க்கெட், ஒரு நாள் துண்டு நெய்கிற விசைத்தறி, ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு சுக்குக் காபி. உலகத்தில் வேறெங்கும் பூவும் துண்டும் காபியும் இல்லாத மாதிரி பேசுவாள். மறுநாள் அந்தக் கடையில் நிற்க இடம் இருக்காது.

நான் இருபது வருஷமாக ஒரே மளிகைக் கடையில் சாமான் வாங்குகிறேன். அந்த அண்ணாச்சி ஒரு நாள் என்னை உற்றுப் பார்த்து, "நீங்க பிரியாவுக்குச் சொந்தமோ?" என்று கேட்டார். அன்று நான் துவரம் பருப்பு வாங்காமலேயே திரும்பி வந்துவிட்டேன். வீட்டில் மூன்று நாள் சாம்பார் இல்லை. காரணத்தை நான் யாருக்கும் சொல்லவில்லை.

பிரியாவிடம் இல்லாத ஒன்று எனக்கு அந்த வருஷம் கிடைத்தது. எங்கள் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் முதல் முளைப்பாரி எடுக்கும் உரிமை. பன்னிரண்டு வருஷம் வரிசையில் பின்னால் நடந்து, கொட்டுக்காரர் முதுகைக்கூடப் பார்க்காத எனக்கு, முன்னால் நடக்கும் யோகம். கமிட்டித் தலைவர் பெரியசாமி மாமா வீட்டுக்கே வந்து, "கோமதி, இந்த வருஷம் நீதாம்மா மொதல் பாரி" என்றார். பாரி எடுப்பவர்கள் எட்டு நாள் காப்புக் கட்ட வேண்டும். கறி, மீன் கூடாது. வெளியே பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. விளக்கு வைப்பதற்குள் ஊர் திரும்பிவிட வேண்டும். நான் செவ்வாய்க்கிழமை காலையிலேயே மஞ்சள் கோர்த்த காப்பைக் கட்டிக்கொண்டு, மாடிப்படியில் தேவையில்லாமல் நாலு தரம் ஏறி இறங்கினேன்.

சனிக்கிழமை மாலை பிரியா கீழே வந்தாள். தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை. காற்றுதான் வந்தது.

"யக்கா, நாளைக்கு மெட்ராசுலேர்ந்து பதினோரு பேரு வாராவ. எல்லாம் நம்ம பக்கத்து ஆளுவளோட பிள்ளைய. சொந்த ஊரைச் சுத்திக் காட்டுதேன்னு சொல்லிட்டேன். நீங்க கூட்டிட்டுப் போறியளா? வீடியோவிலயும் நீங்கதான் பேசணும்."

என் காதில் கெட்டிமேளம் கொட்டியது. கையில் காப்பு இருக்கிறதே என்று ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. ஆனால் காப்பு கையில்தானே கட்டியிருக்கிறது, வாயில் இல்லையே, பேசுவதற்கு என்ன தடை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

"ஏட்டி, நீ பேசாமப் படு. நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். (அவள் பேச முடியாமல் கிடப்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை அம்மன் மன்னிக்கட்டும்.) காப்புக் கட்டியிருக்கிறவள் சாப்பாட்டுக் கடைகளைச் சுற்றிக் காட்டப் போவதாவது என்று அவளுக்கும் அப்போது தோன்றவில்லை. காய்ச்சலில் இருந்தாள், பாவம்.

ஞாயிறு காலை என் மகளின் முழுக்கைச் சுடிதாரை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அவளுக்குத் தொளதொள, எனக்கு அளவு சரி. கையின் நீளம் மட்டும் காப்பை மறைக்கிற அளவுக்குத் தாராளம்.

புளியங்குடி பஸ்ஸிலேயே எனக்குப் பிரியாவின் தொழில் ரகசியம் புரிந்துவிட்டது. இதில் அவள் சாமர்த்தியம் ஒன்றுமே இல்லை, ஊர்தான் எல்லாவற்றையும் செய்கிறது. வெளியூர்ப் பிள்ளைகள் என்று தெரிந்ததும் கண்டக்டர் தானே எழுந்து இடம் கொடுத்தார். எலுமிச்சை மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்காரர் எங்களுக்காகவே ஒரு மூட்டையைப் பிரித்துக் கொட்டினார். கடை மஞ்சளாகிவிட்டது. பிள்ளைகள் முகர்ந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். ஆளுக்கு ஒரு தம்ளர் சர்பத் வந்தது. என் தம்ளரை உதட்டருகே கொண்டுபோய், "ஆஹா!" என்று கண்ணை மூடினேன். கண்ணைத் திறப்பதற்குள் தம்ளரைப் பின்னால் நின்ற ஒரு கிழவர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் ஒரே மடக்கில் குடித்து முடித்தார்.

கடையநல்லூரில் கைலி நெய்கிற ஒரு வீட்டுக்குப் போனோம். அந்த வீட்டு அக்கா தறியை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் டீயும் சம்சாவும் கொண்டுவந்தார். நான் தம்ளரை வைத்துக்கொண்டு முழித்தேன். வேண்டாம் என்றால் அவர் மனம் என்ன பாடுபடும்? குடித்தால் என் முதல் பாரி என்ன ஆகும்? அந்த அக்கா என் சுடிதார்க் கையிலிருந்து எட்டிப் பார்த்த மஞ்சள் நூலைப் பார்த்தார். அருகில் வந்து மெதுவாக, "நோம்பா மக்கா? வாயத் தொறந்து சொல்லப்பிடாதா? எங்களுக்குத் தெரியாத நோம்பா?" என்று தம்ளரைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். யாரிடமும் சொல்லவில்லை. அன்றைய பயணத்தில் நான் மனதாரக் கும்பிட்டது அந்த ஒரு ஆளைத்தான்.

அதோடு புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மத்தியானம் சங்கரன்கோவில் திரும்பி, செல்லையா அண்ணாச்சியின் பிரியாணிக் கடையில் உட்கார்ந்தோம்.

செல்லையா அண்ணாச்சி கடையில் ஒரு மணிக்கு மேல் பிரியாணி மிஞ்சியதாகச் சரித்திரமே இல்லை. எங்களுக்காக ஒரு சட்டியைத் தனியாக மூடி வைத்திருந்தார். இலை போட்டு அவரே பரிமாறினார். மெட்ராஸ் கூட்டத்தில் ஒரு கல்லூரிப் பெண் போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்து, "ஆன்ட்டி, லைவ் போயிட்டிருக்கு. டேஸ்ட் எப்படின்னு சொல்லுங்க" என்றாள். அண்ணாச்சி கரண்டியோடு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கறியோடு ஒரு கவளம் எடுத்தேன். உதடு வரை கொண்டுபோனேன். கேமரா முகத்தை மட்டும்தான் பார்க்கிறது என்ற தைரியத்தில், கையை அப்படியே இறக்கிப் பக்கத்து இலையில் தட்டினேன். பக்கத்தில் அந்தப் பெண்ணோடு கூட வந்திருந்த அவள் அப்பா. வெறும் வாயை மென்றுகொண்டே பேச ஆரம்பித்தேன். பிரியாவைவிட நன்றாகப் பேச வேண்டும் என்கிற வெறி.

"கறி இருக்கே கறி, வெண்ணெயாக் கரையுது! பல்லுக்கு வேலையே இல்ல! வயசானவங்க பல்செட்டைக் கழட்டி வச்சிட்டே வரலாம்!"

மூன்று கவளம் இப்படிப் போனது. பக்கத்து இலைக்காரர் குனிந்த தலை நிமிராமல் தின்றுகொண்டே, "இந்த ஊர்ல கேக்காமலே போடுறாங்க, என்ன மனசு!" என்றார். அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "என் கறிய இப்படி யாரும் சொன்னதில்லம்மா" என்றார். எனக்கும் கலங்கியது. (எனக்குப் பசி.) கடைசியில் கேமராவைப் பார்த்து, "நம்ம ஊரு, நம்ம கடை, நம்ம சனம்!" என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பெரிய கும்பிடு போட்டேன். கைகள் மேலே போயின. சுடிதார்க் கை சரசரவென்று முழங்கைக்கு இறங்கியது. காப்பு, போன் திரை முழுக்கத் தெரிந்தது.

வந்தவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு நான் தெருவுக்குள் நுழையும்போது கோயில் வாசலில் கூட்டம். லைவைத் தெருவே பார்த்திருக்கிறது. பெரியசாமி மாமா நடுவில் நின்றார். கூட்டத்தோரம், பளிச்சென்ற வேட்டியில், கொடைக்கு ஒரு மூட்டை அரிசியோடு செல்லையா அண்ணாச்சி. நான் பேசிய பேச்சில் மனம் குளிர்ந்து, கடையைச் சாத்தியதும் நேராக வந்துவிட்டாராம்.

"கோமதி, கறி தின்னியா?" என்றார் மாமா.

தின்றேன் என்றால் காப்பு கழன்றது, முதல் பாரி போயிற்று, தெருவுக்கே தோஷம். தின்னவில்லை என்றால் ஊரறிய நான் சொன்னதெல்லாம் பொய், அதுவும் அந்த மனுஷர் அரிசி மூட்டையோடு நிற்கும்போது. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கோபுரத்தைப் பார்த்தார்.

"திங்கல மாமா" என்றேன்.

செல்லையா அண்ணாச்சியின் முகம் சுருங்கிப் போனது. "அப்ப வெண்ணெயாக் கரையுதுன்னு சொன்னிய?"

"வாசத்த வச்சு ஒரு அனுமானமாச் சொன்னேன் அண்ணாச்சி."

"திங்கலங்கதுக்கு என்ன சாட்சி?" என்று கூட்டத்தில் ஒரு குரல். கொடை வேலையில் பிழை வந்துவிடக் கூடாதே என்று எல்லோருக்கும் பதற்றம். அப்போதுதான் பிரியா போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்தாள். குரல் இல்லாததால் போனை நீட்டினாள். நான் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் கை கழுவும் இடத்துக் கண்ணாடி ஒன்று இருந்திருக்கிறது. வீடியோவின் அந்த மூலையைப் பெரிதாக்கி, மெதுவாக ஓட விட்டாள். என் கை வாய் வரை போகிறது, இறங்குகிறது, பக்கத்து இலையில் தட்டுகிறது. மறுபடியும். மறுபடியும். கடைசித் தடவை விரலில் ஒட்டியதைக்கூட அவர் இலையில் வழித்திருக்கிறேன்.

தெரு சிரித்தது. கொட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். பெரியசாமி மாமா சிரிப்பை அடக்கி, "திங்கல, சரி. ஆனா தொட்டிருக்க. மஞ்சத் தண்ணிய மூணு குடம் தலைவழியா ஊத்திக்க" என்று தீர்ப்புச் சொன்னார். முதல் பாரி எனக்கே நின்றது. அதைக் காப்பாற்றிக் கொடுத்தவள் பிரியா. ஈரத் தலையோடு நின்ற எனக்கு அவள் தன் போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

செல்லையா அண்ணாச்சி மனவருத்தத்தையும் அவளே தீர்த்தாள். குரல் வந்ததும் அவர் கடைக்குப் போய் ஒரு வீடியோ போட்டாள். "எங்க அக்கா திங்காமலே இப்படிச் சொன்னா, தின்னா என்ன சொல்லுவாவன்னு பாத்துக்கிடுங்க." அவள் போட்டதிலேயே அதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள். கொடையன்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் முளைப்பாரியைப் பார்க்கவில்லை, "அந்தா, அந்த அக்காதான்" என்று என்னைப் பார்த்தார்கள். முன்னால் நடக்க ஆசைப்பட்டேன் அல்லவா, நன்றாக நடந்தேன்.

காப்பு அவிழ்த்த மறுநாள் செல்லையா அண்ணாச்சி ஆள் அனுப்பினார். போனால் பாதித் தெரு அங்கே முன்கூட்டியே உட்கார்ந்திருக்கிறது. எனக்கு இலை போட்டார். தின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், கறி வெண்ணெயாகக் கரைந்தது. பல்லுக்கு வேலையே இல்லை. அதை அப்படியே சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. அண்ணாச்சியே குனிந்து பக்கத்து இலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் எதையாவது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது. சம்பந்தி வீட்டுப் பாயசமாக இருக்கட்டும், பேரன் வரைந்த யானையாக இருக்கட்டும், உடனே யாராவது என் இடது கையைப் பிடித்துத் திருப்பி, மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "சரி, காப்பு இல்ல. நம்பலாம்" என்பார்கள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அந்தக் கேலியை முதன்முதலில் ஆரம்பித்தவள் பிரியா. என்னை வைத்துச் சொல்கிற நகைச்சுவைக்கும் நல்ல பெயர் அவளுக்குத்தான் போகிறது, பாருங்கள்.