மதினியின் அம்பும் என் அரை எச்.பி. மோட்டாரும்

ஓடுகிற எந்த மெஷினைப் பார்த்தாலும் "இது எத்தனை எச்.பி.?" என்று முதலில் கேட்கிற ஆட்கள் உண்டு. அவர்களை நம்பி எதையும் வாங்கப் போகாதீர்கள். நான் அந்த வகை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு எட்டு வருடம் ஆகியிருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சின்னமனூரில் ஒரு பம்புசெட் கடையில் விற்பனையாளன். கிணற்றின் ஆழத்தைச் சொன்னால் எந்த மோட்டார் என்று சொல்லிவிடுவேன். (ஆழத்தைச் சொல்லாவிட்டாலும் சொல்லிவிடுவேன்.) ஓடைப்பட்டியில் எங்கள் வீட்டில் மூன்று பேர். திராட்சைத் தோட்டம் பார்க்கிற அண்ணன், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்த அவன் மனைவி வனிதா மதினி, எல்லாம் தெரிந்த நான்.

மதினி கல்லூரியில் வில்வித்தை பழகியவர். நவீன அம்புகள் கடையில் கிடைத்தாலும் மர அம்புப் பிரிவில்தான் போட்டியிடுவார். அந்த அம்பையும் தானே செய்வார். சில்வர் ஓக் கட்டையைச் சன்னச் சட்டங்களாக அறுத்து வாங்கிவந்து, கையகல இழைப்புளியால் எட்டுப் பட்டையாக்கி, பதினாறு பட்டையாக்கி, கடைசியில் உப்புத்தாளால் உருண்டையாக்குவார். பிறகு ஒவ்வொரு குச்சியையும் கண்ணாடி மேல் உருட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார். லேசாக 'டக்' என்று சத்தம் வந்தால் அதில் கோணல் இருக்கிறதாம். எனக்கு எந்தக் குச்சியிலும் எந்தச் சத்தமும் கேட்டதில்லை. தேறியவற்றை ஏலக்காய் எடை போடுகிற சின்னத் தராசில் நிறுத்துப் பார்ப்பார். நாற்பது குச்சி இழைத்தால் ஏழு தேறும். மீதி முப்பத்து மூன்றும் அவரைப் பொறுத்தவரை அவரைக்கொடிக்கு ஊன்றுகோல்.

அவருக்கு இருந்த ஒரே குறை, வளையம். அம்பின் வால் பக்கம் சுற்றி வண்ண வளையங்கள் போடுவார்கள். அழகுக்கு மட்டுமல்ல. இலக்கில் பத்து அம்பு குத்தி நிற்கும்போது எது யாருடையது என்று அதை வைத்துத்தான் நடுவர் சொல்வார். முந்தைய போட்டியில் மதினியின் அம்பு நட்டநடுவில் குத்தியிருந்தது. ஆனால் கையால் போட்ட வளையம் ஒவ்வொரு அம்பிலும் ஒவ்வொரு மாதிரி இருக்க, பக்கத்துப் போட்டியாளர் அது தன்னுடையது என்றார். நடுவராலும் முடிவு சொல்ல முடியவில்லை. மதினி சண்டை போடாமல் திரும்பி வந்தார். அந்த வாரம் முழுக்க வீட்டில் குழம்பில் உப்பு சரியாக இல்லை.

அடுத்த போட்டிக்கு முன்னால் வளையம் போடும் மெஷின் ஒன்று வேண்டும் என்று என்னிடம் வந்தார்.

"கொழுந்தனாரே, நீங்க மெசின் லைன்ல இருக்கீக. குச்சியப் படுக்கவச்சு மெதுவாச் சுத்தணும். நான் பிரஷ்ஷ அசைக்காமப் பிடிச்சா வளையம் தானா விழுகணும். மெதுவாச் சுத்துறது முக்கியம். அதிரக் கூடாது. குச்சிய ரெண்டு எடத்துல தாங்கணும், கவ்வுற எடத்துல மரம் நசுங்கக் கூடாது."

இவ்வளவு தெளிவாக எந்த வாடிக்கையாளரும் என்னிடம் பேசியதில்லை. நானும் நன்றாகத் தலையாட்டினேன்.

தேர்ந்தெடுக்க மூன்று இருந்தன. ஒன்று, இணையத்தில் கிடைத்த சின்ன மெஷின், காலால் மிதித்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். இன்னொன்று, போடியில் தையல் மெஷின் மெக்கானிக் ஒருவர் செய்துதரத் தயாராக இருந்த கைச்சுற்று. இரண்டையும் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. இணையத்துக்காரன் எச்.பி. என்று ஒரு வார்த்தை போடவில்லை. போடிக்காரரிடம் கேட்டதற்கு, "கைக்கு ஏது தம்பி எச்.பி.?" என்றார்.

மூன்றாவது, தேனியில் ஒரு பட்டறையில் குத்துவிளக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த அரை எச்.பி. மோட்டார். நிமிடத்துக்கு ஆயிரத்து நானூறு சுற்று. முன்னால் குச்சியைக் கவ்விப் பிடிக்க ஒரு 'சக்' மாட்டி வாங்கிவந்தேன்.

"இது ஒரு வயலுக்கே தண்ணி எறைக்கும் மதினி."

"நான் கோடுல்ல போடணும்?" என்றார் மதினி. மோட்டாரைச் சுற்றி வந்து பார்த்தார். "மெதுவாச் சுத்துமா?"

"வேகமாச் சுத்துனா வேகமா வேல முடியும்." இதைச் சொன்னவன் நான்தான். சாட்சி இருக்கிறது.

போட்டி ஞாயிற்றுக்கிழமை மதுரையில். சனிக்கிழமை காலை மதினி குளித்துக்கொண்டிருக்கும்போது, அவர் வருவதற்குள் ஏழு அம்பையும் முடித்து அசத்திவிடலாம் என்று முடிவு செய்தேன். ஏழு குச்சிகளும் வார்னிஷ் காய்ந்து பலகையில் வரிசையாக நின்றன. இருந்ததில் மிக அழகானதை எடுத்துச் சக்கில் இறுக்கினேன். மறுமுனையைத் தாங்க எதுவும் வைக்கவில்லை. பிரஷ்ஷைச் சிவப்புப் பெயிண்டில் தாராளமாக முக்கினேன். அந்த நேரம் பார்த்து, கம்பத்தில் ஒரு கல்யாணத்துக்காக வெள்ளை வேட்டி சட்டையில் அண்ணன் உள்ளே வந்தான்.

"ஏலே, என்ன செய்யிற?"

"இங்கன நின்னு பாருண்ணே," என்று சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டேன்.

குச்சி முதலில் இரண்டாகத் தெரிந்தது, பிறகு குடை மாதிரி விரிந்தது, பிறகு இல்லை. முறிந்த பாதி சுவர்க் காலண்டரைக் கிழித்துக்கொண்டு போய் விழுந்தது. வில்லே இல்லாமல் அம்பு விட்டவன் எங்கள் பக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். என் கையிலிருந்த பிரஷ் சக்கில் பட்டு, பெயிண்ட் சுவர், கூரை, மின்விசிறி, மீதி ஆறு குச்சிகள் என்று எல்லா இடத்துக்கும் போனது. சுவிட்சை அணைத்தது அண்ணன். அவன் இடது தோளிலிருந்து வேட்டிக் கரை வரை ஒரே சிவப்புக் கோடு.

சத்தம் கேட்டு மதினி ஈரத் தலையோடு ஓடிவந்தார். முறிந்த குச்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடைசியாக அண்ணனை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"கோடு நேராத்தான் விழுந்திருக்கு," என்றார்.

திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் உட்கார்ந்து ஆறு குச்சிகளையும் டர்பன்டைன் துணியால் துடைத்தார், ஒவ்வொன்றையும் மறுபடி எடை போட்டார். ஒரு சொட்டுப் பெயிண்டுக்கும் எடை உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரியும். போட்டிக்கு ஆறு அம்பு வேண்டும். ஆறுதான் இருந்தது. இனி ஒன்றுகூட போகக் கூடாது.

பிறகு ஒரு திராட்சைப் பெட்டியை எடுத்து, இரண்டு பக்கமும் கத்தியால் சின்ன வெட்டுப் போட்டு, குச்சியை அதில் படுக்கவைத்தார்.

"வாங்க, நீங்க உருட்டுங்க."

"நானா மதினி?" கையில் அப்பியிருந்த பெயிண்டைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

"மூச்ச விட்டுக்கிட்டே உருட்டுங்க. அவசரமே இல்ல."

முதல் குச்சியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் உருட்டினேன். மதினியின் பிரஷ் நுனி காற்றில் ஆணி அடித்து வைத்தது போல அப்படியே நின்றது. குச்சி ஒரு சுற்று வந்ததும், தொடங்கிய இடமே தெரியாமல் சிவப்பு மூடிக்கொண்டது. இரண்டு பக்கமும் வெள்ளையில் முடி அளவுக்கு ஒரு வளையம். மூன்றாவது குச்சிக்கு வரும்போது என் மூச்சும் விரலும் ஒரே வேகத்துக்கு வந்திருந்தன. ஆறாவதை முடித்து வரிசையாக வைத்துப் பார்த்தபோது எது முதலாவது என்று எனக்கே தெரியவில்லை. சாயங்காலம் வான்கோழி இறகுகளை ஒட்டினார். கல்யாணத்திலிருந்து மாற்றுச் சட்டையில் திரும்பிய அண்ணன், நெடுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மதுரையில் கடைசிச் சுற்றில் அதே தகராறு மறுபடி வந்தது. இரண்டு அம்புகள் ஒட்டி நின்றன, ஒன்றுதான் நட்டநடுவில், ஆனால் இரண்டிலும் சிவப்பு. நடுவர் குனிந்து மதினியின் மற்ற அம்புகளோடு வைத்துப் பார்த்தார், அரை நிமிடத்தில் மதினியின் பெயரைச் சொன்னார். அவருக்கு இரண்டாம் இடம். பதக்கம் கொடுக்கும்போது நடுவர், "எந்த மெசின்ல போட்டீங்க? இவ்வளவு சுத்தமா இருக்கு," என்று கேட்டார்.

"வீட்லயே இருக்கு சார்," என்று மதினி என்னைக் கைகாட்டினார். "எங்க கொழுந்தனாரு."

போன வருடம் அண்ணன் நிஜமான மெஷினையே வாங்கிக் கொடுத்துவிட்டான், மதினி கேட்ட அத்தனையும் அதில் உண்டு. மதினியிடம் பழகுகிற பள்ளிப் பிள்ளைகளின் அம்புகளுக்கு அதுதான். தன் போட்டி அம்புகளுக்கு மட்டும், இப்போது தேனியில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிற என்னைத்தான் இன்னமும் போன் போட்டுக் கூப்பிடுகிறார். கடையைப் பூட்டிவிட்டுப் போகிறேன்.

சென்ற மாதம் என் மகள் வகுப்பு டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டதற்கு, "பெரியம்மா வீட்ல மெசினா இருக்காக" என்று அவள் சொன்னாளாம்.

"பிள்ள எதையோ மாத்திச் சொல்லுதுன்னு நெனைக்கிறேன் சார்," என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர், சரியாத்தான் சொல்லியிருக்கு," என்றேன்.